பம்பும் ட்யூபும்: தில்லிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்துகள் பற்றி ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகவோ படிப்புக்காகவோ தில்லிக்கு வந்து சேர்பவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே இரண்டு மருந்துகளைச் சந்தித்துவிடுகிறார்கள். நவம்பரில் புகைமூட்டம் இறங்கி, இருமலும் இளைப்பும் விடாமல் பிடித்துக்கொண்ட பிறகு மருத்துவர் எழுதிக் கொடுக்கும், மூச்சில் இழுக்கும் பம்பு, அதாவது இன்ஹேலர், ஒன்று. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் தொடை இடுக்கில் அரிப்பு வந்து, தெருமுனை மருந்துக் கடையில் சீட்டு எதுவும் இல்லாமல் வாங்கும் ட்யூப் மற்றொன்று. பெரும்பாலான சமயங்களில் இவ்விரண்டுக்குள்ளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான் இருக்கிறது. அதன் பெயர் கார்டிகோஸ்டீராய்டு.

நான் இந்த நகரத்தில் 22 ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். என் கவுன்ட்டருக்கு வரும் நம் ஊர்க்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். பம்பை வாங்க அவ்வளவு தயங்குகிறவர்கள் ட்யூபை வாங்கத் தயங்குவதே இல்லை. "பம்பு பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாமே" என்று கலங்கிக் கேட்ட ஒரு தாய், அதே மூச்சில், பிள்ளையின் கன்னத்தில் ஆறு மாதமாகத் தடவி வரும் களிம்பு தீர்ந்துவிட்டதாகச் சொல்லி இன்னொன்று கேட்டார். அந்தக் களிம்பில் இருந்தது, தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. அஞ்ச வேண்டாத இடத்தில் அச்சமும், அஞ்ச வேண்டிய இடத்தில் நம்பிக்கையுமாக இருக்கும் இந்த நிலையை மாற்ற வேண்டும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். மருந்தைத் தொடங்குவதும், நிறுத்துவதும், அளவை மாற்றுவதும் உங்களைப் பரிசோதித்த மருத்துவரின் பொறுப்பு. கொடுத்த மருந்தைச் சரியாகப் பயன்படுத்துவதும், கொடுக்காத மருந்தை அடையாளம் கண்டு விலக்குவதும் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் அறிய வேண்டியது

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நாள்தோறும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கார்டிகோஸ்டீராய்டு மருந்துகள் அந்த ஹார்மோனைப் போலச் செயல்பட்டு, உடலின் அழற்சியை, அதாவது சிவந்து, வீங்கி, அரிக்கும் தன்மையை, அடக்குகின்றன. 1949 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச்சும் கெண்டலும் முடக்குவாத நோயாளிகளுக்கு கார்டிசோன் கொடுத்துக் கண்ட பலன் உலகத்தையே வியக்க வைத்தது. மறு ஆண்டே ரைக்ஸ்டைனுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதிக அளவில், நீண்ட நாள் உட்கொண்டபோது முகம் வீங்கியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது. மருந்தை உடல் முழுவதும் செலுத்தாமல் நோயுள்ள இடத்துக்கு மட்டும் அனுப்ப முடியாதா என்ற தேடலிலிருந்துதான் 1950களில் தோலில் பூசும் ஹைட்ரோகார்டிசோனும், 1972 இல் மூச்சில் இழுக்கும் பெக்லோமெத்தசோனும் பயன்பாட்டுக்கு வந்தன. நீங்கள் அஞ்சும் பம்பு, ஸ்டீராய்டின் தீங்கைக் குறைப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட கருவி என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ப்பதற்காகத் தவறாக ஊசி போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு இனம். இந்த மருந்துகளோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பம்பு கைக்கு வந்ததும்: எது எந்தப் பம்பு

முதல் வேலை, உங்களிடம் இருப்பது எந்தப் பம்பு என்று தெரிந்துகொள்வது. மூச்சுக்குழாயைச் சட்டென்று விரித்துச் சில நிமிடங்களில் ஆறுதல் தரும் சால்புட்டமால் ஒருவகை. ஆஸ்தலின் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. இதில் ஸ்டீராய்டு இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சியை நாளடைவில் தணிக்கும் புடெசோனைட், ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்றவை மறுவகை. இவைதான் ஸ்டீராய்டு. புடெசோனைடுடன் ஃபார்மோட்டெராலும், ஃப்ளூட்டிகசோனுடன் சால்மெட்டெராலும் சேர்ந்த கூட்டுப் பம்புகளும் உண்டு; ஃபோராகார்ட், சீரோஃப்ளோ என்ற பெயர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

சால்புட்டமால் உடனே பலன் தருவதால் அதுவே நல்ல மருந்து என்றும், மற்றது வேலை செய்யவில்லை என்றும் எண்ணிவிடுவது மிகப் பரவலான தவறு. ஸ்டீராய்டுப் பம்பின் பலன் தெரியச் சில நாள்கள் ஆகும். முழுப் பலனுக்குப் பல வாரங்கள் தேவைப்படலாம். இழுத்தவுடன் நெஞ்சில் எதையும் உணராமல் இருப்பதே அதன் இயல்பு. ஆஸ்துமாவுக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு, சால்புட்டமாலை மட்டும் தனியாக நம்பி இருப்பதைப் பரிந்துரைப்பதில்லை என்று 2019 இல் அறிவித்ததற்குக் காரணம் உண்டு. அது குழாயை விரிக்குமே தவிர உள்ளிருக்கும் அழற்சியைத் தொடுவதில்லை; ஆறுதல் கிடைத்ததால் நோய் அடங்கிவிட்டதாக நாம் நம்பியிருக்கும்போதே அது உள்ளே முற்றிக்கொண்டு வரும். 200 முறை அடிக்கக்கூடிய சால்புட்டமால் பம்புகள் ஓராண்டில் மூன்றோ அதற்கு மேலோ உங்களுக்குச் செலவாகிறது என்றால், கடுமையான மூச்சுத்திணறல் தாக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று பொருள். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அதைத் தேட வேண்டியிருந்தாலே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சிலருக்கு மருத்துவர்கள் புடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்பையே தினமும் இழுக்கவும், திணறும்போது இழுக்கவும் எழுதுவார்கள். உங்களுக்கு எந்த முறை என்பதைக் கேட்டுச் சீட்டிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இழுக்கும் முறை

நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். மருந்து சரியாக இருந்தும் முறை தவறியதால் பலனில்லாமல் போனவர்களை எண்ணி முடியாது. குருகிராமில் வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் ஒரு மாதமாகத் துளியும் குணமில்லை என்று வந்தார். ரோட்டாகேப் என்ற கேப்சூல்கள் இருந்த குப்பியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் அருகருகே வைத்து, எப்படிப் பயன்படுத்துகிறார் என்று காட்டச் சொன்னபோது, கேப்சூலை வாயில் போட்டு விழுங்கிக் காட்டினார். மூச்சில் இழுக்க வேண்டிய பொடி அது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தவறு அவருடையது அல்ல.

வாயு நிரம்பிய குப்பியை அழுத்தும் வகைப் பம்பாக இருந்தால், மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்குங்கள். புதிய பம்பையும், பல நாள் தொடாமல் வைத்திருந்த பம்பையும் முதலில் காற்றில் சில முறை அடித்துப் பார்க்க வேண்டும். எத்தனை முறை என்பது உள்ளே இருக்கும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சிலுள்ள காற்றை முழுவதும் வெளியே விடுங்கள். பிறகு பம்பின் வாயை உதடுகளால் இறுக மூடிக்கொண்டு, மூச்சை மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கிய கணத்தில் ஒருமுறை அழுத்தி, அதே மெதுவான வேகத்தில் நெஞ்சு நிறையும்வரை இழுங்கள். எடுத்துவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, பின் விடுங்கள். இரண்டாவது முறை தேவையென்றால் அரை நிமிடமாவது பொறுத்து, மீண்டும் குலுக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டு முறை சேர்த்து அழுத்தி ஒரே மூச்சில் இழுப்பதால் நேரம் மிச்சமாகலாம். மருந்து முழுதாக உள்ளே போகாது.

அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக நிகழ வேண்டும் என்பதுதான் இதில் கடினம். அதற்கென்றே ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது. பம்பை அதன் ஒரு முனையில் செருகி அழுத்தினால் மருந்து குடுவைக்குள் நின்றுகொள்ளும். மறு முனையில் வாய் வைத்து நிதானமாக இழுக்கலாம். சிறு குழந்தைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசரை மூக்கும் வாயும் மூடும்படி வைத்து, ஒருமுறை அழுத்திவிட்டு ஐந்தாறு மூச்சு இயல்பாக விடச் செய்தால் போதும். ஸ்பேசர் இல்லாமல் அடிக்கும்போது மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடுகிறது. ஆகவே ஸ்பேசரால் பலனும் கூடுகிறது, பக்கவிளைவும் குறைகிறது. குழந்தைக்கும் முதியவருக்கும்தான் அது என்று எண்ண வேண்டாம். எந்த வயதுக்காரருக்கும் நான் அதையே சொல்வேன். வாரத்துக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைசல் விட்டு அலசி, துணியால் துடைக்காமல் தானே உலர விடுங்கள். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி, மருந்துத் துகள்களைச் சுவரிலேயே ஒட்ட வைத்துவிடும்.

ரோட்டாஹேலர் போன்ற பொடி வகைக் கருவியில் எல்லாம் தலைகீழ். கேப்சூலின் நிறமற்ற, கண்ணாடி போன்ற பக்கம் முதலில் உள்ளே போகும்படி சதுரத் துளையில் அழுத்திச் செருகி, கருவியின் அடிப்பாகத்தைத் திருகினால் கேப்சூல் பிரிந்து பொடி உதிரும். மூச்சை வெளியே விடும்போது கருவி வாயில் இருக்கக் கூடாது; உங்கள் மூச்சின் ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். பிறகு வாயில் வைத்து, மெதுவாக இல்லாமல், வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். உள்ளே பொடி மிச்சம் இருந்தால் மறுபடியும் இழுங்கள். கேப்சூல் குப்பியைக் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். மழைக்கால ஈரமே அதற்குப் போதுமான கேடு.

தில்லியின் தட்பவெப்பத்துக்கென்றே இரண்டு குறிப்புகள். மே, ஜூன் மாதங்களில் வாயுப் பம்பைக் காரிலோ ஸ்கூட்டரின் பெட்டியிலோ விட்டுச் செல்லாதீர்கள். பெரும்பாலான பம்புகளை 30 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். ஜனவரி விடியற்காலையில் குப்பி சில்லென்றிருந்தால் மருந்து குறைவாக வெளிப்படலாம் என்பதால், கைகளுக்குள் சற்று நேரம் பொத்தி வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இழுத்து முடித்ததும் நீரால் வாய் கொப்பளித்து, தொண்டை வரை அலசித் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்வது கடினமாக இருந்தால், காலையிலும் இரவிலும் பல் துலக்குவதற்கு முன்னால் பம்பை இழுக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். துலக்கும்போது வாய் தானே சுத்தமாகிவிடும். மருந்தை ஆவி போல ஆக்கித் தரும் நெபுலைசர் கருவியில் புடெசோனைட் கொடுக்கும் குழந்தைக்கு, முடித்தவுடன் முகத்தையும் கழுவித் துடைத்துவிடுங்கள்.

பம்பின் பக்கவிளைவுகளை அளந்து பார்த்தல்

வாய் கொப்பளிக்காதவர்களுக்கு நாக்கிலும் உட்கன்னத்திலும் தயிர்த் திப்பி போல வெள்ளையாகப் படரும் பூஞ்சைத் தொற்று வரலாம்; குரல் கம்மலாம். முன்னதற்கு எளிய மருந்து உண்டு. பின்னது பெரும்பாலும் ஸ்பேசரால் சரியாகும். இவற்றுக்காகப் பம்பை நிறுத்த வேண்டியதில்லை.

உடல் முழுவதற்குமான பாதிப்பைப் பற்றித்தான் பலரும் அஞ்சுகிறார்கள். ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பம்பின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. 1 மில்லிகிராமுக்கு 1000 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் புடெசோனைட் இழுக்கும் ஒருவர், அதைச் செய்யாமல் விட்டு நோய் முற்றி மருத்துவமனைக்குப் போனால், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஐந்து நாள்களுக்குக் கொடுக்கப்படலாம். அந்த ஐந்து நாள் மாத்திரையின் எடை, 500 நாள் பம்பின் எடைக்குச் சமம். இரு மருந்துகளின் வீரியமும் வேறு என்பதால் எடைக்கு எடை ஒப்பிடுவது முழுவதும் சரியாகாது என்றாலும், பம்பிலிருந்து தவறி வயிற்றுக்குள் போகும் புடெசோனைடில் பத்தில் ஒன்பது பங்கைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எதற்கு அஞ்ச வேண்டும் என்பது விளங்கும்.

குழந்தையின் உயரம் குறையுமா என்பது பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. சிறு வயதில் சில ஆண்டுகள் புடெசோனைட் இழுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்து, 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அவர்களின் உயரம் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கும், பள்ளிக்கு வாரக்கணக்கில் போகாத பிள்ளைக்கு எதிரே அந்த 1.2 சென்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கக் கூடியதே. ஆறு மாதத்துக்கொருமுறை உயரத்தை அளந்து குறித்து வாருங்கள்.

அதிக அளவு மருந்தைப் பல ஆண்டுகள் இழுப்பவர்களுக்குத் தோல் எளிதில் கன்றிப்போதல், கண்புரை, கண்நீர் அழுத்தம் (க்ளகோமா), எலும்பு அடர்த்திக் குறைவு ஆகியவை வரக்கூடும். புகைபிடித்ததாலோ விறகடுப்புப் புகையாலோ வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. சர்க்கரை நோயாளிகள் அளவு கூட்டப்படும்போது சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிக அளவில் நெடுநாள் இழுத்தவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. அட்ரினல் சுரப்பி மந்தமாகியிருக்கலாம். ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிகள் பயந்து நிறுத்துவதையும் பார்க்கிறேன். தாய்க்கு மூச்சு முட்டினால் கருவுக்கும் பிராணவாயு குறையும் என்பதால் மருத்துவர்கள் தொடரவே சொல்வார்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கு ஒரே குறிப்புதான். முனையை மூக்கின் நடுத்தண்டை நோக்கி வைக்காமல், வெளிப்பக்கமாக, கண்ணின் ஓரத்தை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். இரத்தக் கசிவு குறையும்.

பேச்சை ஒரு வாக்கியமாக முடிக்க இயலாத திணறல், உதடு நீலம் பாய்தல், சால்புட்டமால் அடித்தும் தணியாமை ஆகியவை கண்டால் காத்திருக்கக் கூடாது. ஸ்பேசர் வழியாகச் சால்புட்டமாலைத் தொடர்ந்து கொடுத்தபடியே 112 எண்ணை அழைத்து, அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அவசரமில்லாத நாள்பட்ட இளைப்புக்கு, தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தில் இருக்கும் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனம் இந்நகரத்தின் பழைய, நம்பத்தக்க இடம்.

ட்யூபை வாங்கும் முன் பெயரைப் படியுங்கள்

இனி, அச்சம் தேவைப்படும் இடத்துக்கு வருவோம். படர்தாமரையை இங்கே தாத் என்பார்கள், அரிப்பை குஜ்லி என்பார்கள். "குஜ்லி" என்று ஒரு சொல் சொன்னால் போதும், பல கடைகளில் ட்யூப் ஒன்று மேசைக்கு வந்துவிடும். வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சைக் கொல்லி ஒன்று, பாக்டீரியா கொல்லி ஒன்று என மூன்றோ நான்கோ சேர்ந்த கலவை அது. தடவிய அன்றே அரிப்பு நின்றுவிடும். நிறுத்தியது பூஞ்சைக் கொல்லி அல்ல, ஸ்டீராய்டு. அது அழற்சியை அடக்குவதோடு தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குவதால், பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. வட்டமாக இருந்த படை தன் அடையாளம் இழந்து, தோல் மருத்துவருக்கே சட்டென்று பிடிபடாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. நிறுத்தினால் இரு மடங்காகத் திரும்பும். மீண்டும் அதே ட்யூப். என் தாயார் எங்களுடன் வந்து தங்கிய ஒரு மழைக்காலத்தில், நான் வேலையில் இருந்தபோது, பக்கத்துக் கடையில் வாங்கிய ஒரு ட்யூபை எனக்குச் சொல்லாமல் இரண்டு மாதம் தடவியிருக்கிறார். இடுப்பில் இருந்தது முதுகு வரை ஏறிய பிறகே என்னிடம் காட்டினார். குணமாக எட்டு மாதமாயிற்று. மருந்தாளுநரின் வீட்டிலேயே நடந்ததை மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

மத்திய அரசு 2018 இல் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அறிவித்தது. ஆனால் சீட்டில்லாமல் வாங்குவது நடைமுறையில் இன்னும் எளிதாகவே இருக்கிறது. ஆகவே கண்டுபிடிக்கும் வேலையை நீங்களே செய்ய வேண்டும். வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஹைட்ரோகார்டிசோன், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்பது போல 'சோன்' என்று முடிபவை, ட்ரையம்சினோலோன் போல 'லோன்' என்று முடிபவை, டெசோனைட் போல 'னைட்' என்று முடிபவை, இவற்றோடு க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால் ஆகியவை எல்லாம் ஸ்டீராய்டுகள். க்ளோபெட்டசாலும் க்ளோட்ரிமசோலும் காதுக்கு ஒன்று போலவே ஒலிக்கும். முன்னது மிக வீரியமான ஸ்டீராய்டு. பின்னது வெறும் பூஞ்சைக் கொல்லி. தொலைபேசியில் பெயர் சொல்லி வாங்கி வரச் சொல்லும்போது இந்த இரண்டும் மாறிப்போன கதைகள் எனக்குத் தெரியும். எழுதி அனுப்புங்கள். இந்தி பழகாதவர்கள் ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: "பையா, இஸ்மே ஸ்டீராய்டு ஹை க்யா?"

மங்குக்கும் முகப் பொலிவுக்கும் என்று தோழியர் பரிந்துரைக்கும் களிம்புகளில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் என்ற மூன்றும் சேர்ந்திருக்கக் கூடும். மங்குக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் தரும் மருந்தை, நிறம் மாறும் ஆசையில் ஆண்டுக்கணக்கில் பூசுபவர்கள் இருக்கிறார்கள். முகத்தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பு நூல் போலத் தெரிந்து, பருவும் ரோமமும் பெருகி, பூசுவதை நிறுத்திய சில நாள்களில் முகம் தீப்பட்டது போல எரியும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் பூசுவார்கள்.

மருத்துவரே எழுதித் தந்தால்

இவ்வளவு சொன்னதால் தோலில் பூசும் ஸ்டீராய்டே விஷம் என்று எண்ணிவிட வேண்டாம். கரப்பான் (எக்சிமா), காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்), ஒவ்வாமைத் தடிப்பு ஆகியவற்றுக்கு அது இன்றியமையாத மருந்து. தில்லிக் குளிரில் அறையில் ஹீட்டர் எரிய, கொதிநீரில் குளித்து, தோல் வறண்டு வெடித்து, கரப்பான் முற்றிய பிள்ளைக்கு, பயத்தால் மருந்தை மிகக் குறைவாகத் தடவுவதும் தவறுதான்.

வீரியத்தில் நான்கு படிகள் உண்டு. 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் மென்மையானது, க்ளோபெட்டசோன் இடைப்பட்டது, மோமெட்டசோனும் பீட்டாமெத்தசோன் வேலரேட்டும் வீரியமானவை, 0.05 சதவீத க்ளோபெட்டசால் மிக வீரியமானது. சதவீத எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, 0.05 என்பது சிறிய எண்ணாக இருந்தும் அது ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வலியது. க்ளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலோ பூசக் கூடாது என்பது விதி. உடலின் எல்லா இடத் தோலும் ஒன்று போல மருந்தை உறிஞ்சுவதும் இல்லை. முன்கையை ஒன்று என்று கொண்டால் நெற்றி அதைவிட 6 மடங்கும், விரைப்பைத் தோல் சுமார் 40 மடங்கும் உறிஞ்சும் என்று 1967 இலேயே அளந்திருக்கிறார்கள். தொடை இடுக்கில் வீரியமான ட்யூபைத் தடவிய இளைஞர்களுக்குப் பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழுவதற்குக் காரணம் இதுவே. அந்தக் கோடுகள் மறைவதில்லை. முகம், கண்ணிமை, அக்குள், இடுக்கு, குழந்தையின் டயப்பர் மூடும் பகுதி ஆகியவற்றுக்கு மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்துச் சொன்ன மருந்தைத் தவிர வேறெதுவும் கூடாது. இமையருகே தொடர்ந்து பூசினால் கண்நீர் அழுத்த நோய் வரலாம்.

அளவுக்கு எளிய வழி உண்டு. வளர்ந்தவரின் ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். மணிக்கட்டு வரை ஒரு கைக்கு 3, பாதம் நீங்கலாக ஒரு காலுக்கு 6 என்று இந்த விரல் நுனி அளவால் கணக்கிடலாம். பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும், நாளுக்கு ஒருமுறையோ சீட்டில் உள்ளபடியோ மெல்லியதாகப் பூசி, கை கழுவிவிடுங்கள். ஈரப்பதம் தரும் களிம்புக்கும் இதற்கும் நடுவே 20 நிமிடமாவது இடைவெளி இருக்கட்டும். மருத்துவர் சொல்லாமல் மேலே பிளாஸ்டிக் தாளோ கட்டோ சுற்ற வேண்டாம். உறிஞ்சும் அளவு பல மடங்காகும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவிட்டவர்களுக்கு

குற்ற உணர்ச்சியால் மறைக்காதீர்கள். தீர்ந்துபோன ட்யூபின் தகரத்தையும் அட்டைப் பெட்டியையும் எறியாமல் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா ஆகிய மூன்று அரசு மருத்துவமனைகளிலும் தோல் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. முகத்தில் பூசியதை ஒரே நாளில் நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் கொல்லியை, படை மறைந்த பின்னும் அவர் சொன்ன வாரங்கள் வரை தொடர வேண்டும். ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள் துண்டையும் படுக்கை விரிப்பையும் பகிர்ந்துகொண்டால் ஒருவர் குணமாகி என்ன பயன்? அரிப்பு உள்ள எல்லாரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுத்து, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

இங்கே பம்பும் ட்யூபும் சந்திக்கும் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். படர்தாமரைக்கு அடிக்கடி எழுதப்படும் இட்ராகோனசோல் மாத்திரை, புடெசோனைடையும் ஃப்ளூட்டிகசோனையும் கல்லீரல் சிதைப்பதைத் தடுக்கும். அப்போது பம்பின் சிறிய அளவுகூட இரத்தத்தில் தேங்கி, மாத்திரை ஸ்டீராய்டு போல முகம் உப்பச் செய்யலாம். எச்ஐவி சிகிச்சையில் உள்ள ரிட்டோனவிரும் இப்படியே. தோல் மருத்துவரிடம் பம்பைப் பற்றியும், நுரையீரல் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ச் சில நாள் நல்ல காற்றைச் சுவாசித்ததும், நெஞ்சு லேசாகி, பம்பை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நன்றாக இருப்பது பம்பினாலா, காற்றினாலா என்று உங்களால் பிரித்தறிய இயலாது. தில்லிக்குத் திரும்பும்போது ஜனவரிப் பனிமூட்டம் அப்படியே காத்திருக்கும். அளவைக் குறைப்பதாக இருந்தால், பொதுவாக மூன்று மாதமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும். அதையும் மருத்துவரே செய்ய வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். பம்புகள் இரண்டையும், ஸ்பேசரையும், சீட்டின் நகலையும் இருக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டியில் வைக்காமல், தலைமாட்டில் வைக்கும் கைப்பையில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் பம்பின் எண் காட்டியில் எத்தனை மீதமிருக்கிறது என்று பாருங்கள். எண் காட்டி இல்லாத பம்பாக இருந்தால், தொடங்கிய தேதியைக் குப்பியின் மேல் எழுதி ஒட்டி, நாளுக்கு எத்தனை முறை என்று கணக்கிட்டுத் தீரும் தேதியையும் அருகிலேயே எழுதிவிடுங்கள்.